புது லேப்டாப்பில் சார்ஜ் நிற்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாளில்தான் வேலூர்ப் பக்கம் நிறையப் பேருக்குப் புது லேப்டாப்பின் பேட்டரி எப்படி என்று தெரியவருகிறது. காலை 9 மணிக்குக் கரண்ட் போகும். அட்டைப்பெட்டியில் 8 மணி நேரம் என்று அச்சடித்திருந்த லேப்டாப் பதினொன்றரைக்கெல்லாம் சார்ஜர் கேட்கும். வாங்கிப் பத்து நாள்கூட ஆகாத பொருள் என்றால் வயிறு எரியத்தான் செய்யும்.

அந்தக் கோபத்தில் பலர் செய்யும் தவறு, அவர் சொன்னார் இவர் சொன்னார் என்று பத்து செட்டிங்கை ஒரே மூச்சில் மாற்றிவிடுவது. பிறகு எதனால் சரியானது, எதனால் கெட்டது என்றே தெரியாது. கடையில் மாற்றிக் கேட்பதற்கான கெடுவும் அதற்குள் ஓடிவிடும். புது லேப்டாப்பில் பேட்டரியே பழுதாக இருப்பது குறைவு. சார்ஜ் வேண்டாத இடத்தில் செலவாவதுதான் அதிகம். இரண்டில் எது என்று ஒரே நாளில் பிரித்துவிடலாம். அதுவரை எந்த செட்டிங்கையும் தொடவேண்டாம்.

முதலில் இரண்டு எண்கள்

பேட்டரியின் கொள்ளளவை வாட்-ஹவர் கணக்கில் போட்டிருப்பார்கள். பெட்டியிலோ, விவரக் குறிப்பிலோ இருக்கும். 15 அங்குல சாதாரண லேப்டாப் என்றால் பெரும்பாலும் 41, 42; கொஞ்சம் விலை கூடினால் 50 முதல் 60; கேமிங் வகையில் 60 முதல் 90 வரை. மில்லிஆம்ப்-ஹவர் மட்டும் இருந்தால் அதை வோல்ட்டால் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 3,640 மில்லிஆம்ப்-ஹவர், 11.55 வோல்ட் என்றால் 42 வாட்-ஹவர்.

இந்த 42-ஐ லேப்டாப் இழுக்கும் வாட்டால் வகுத்தால் மணி நேரம் வந்துவிடும். 7 வாட் இழுத்தால் 6 மணி நேரம், 14 வாட் இழுத்தால் 3, 21 வாட் என்றால் 2. கம்பெனி சொல்லும் 8 மணி, 10 மணி பெரும்பாலும் திரை வெளிச்சத்தைக் குறைத்து, மெஷினிலேயே இருக்கும் ஒரு வீடியோவை ஓடவிட்டு எடுத்த கணக்கு. நாற்பது டேப் திறந்துவைத்த பிரவுசருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

இழுக்கும் வாட்டைக் கண்டுபிடிக்க தனிக் கருவி வேண்டாம். விண்டோஸ் என்றால் ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தட்டி கமாண்ட் ப்ராம்ப்டைத் திறங்கள். பவர் என்ற சொல்லோடு சி, எஃப், ஜி மூன்று எழுத்தையும் ஒட்டி எழுதி, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று அடுத்த வரியிலேயே காட்டும். அதை பிரவுசரில் திறக்கலாம்.

அறிக்கையின் மேல்பகுதியில் பார்க்கவேண்டியவை மூன்று. டிசைன் கெப்பாசிட்டி என்பது தொழிற்சாலை சொன்ன கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இப்போது உண்மையில் பிடிப்பது. சைக்கிள் கவுன்ட் என்பது இதுவரை எத்தனை முழுச் சுற்று ஓடியிருக்கிறது என்பது. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் செலவழித்தால் சேர்த்து ஒரு சுற்று. புது மெஷினில் டிசைனும் ஃபுல்லும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கவேண்டும். நூற்றுக்கு ஐந்து முன்னே பின்னே இருந்தால் கவலை இல்லை. முதல் மாதத்திலேயே 90 சதவீதத்துக்குக் கீழே என்றால் அது வாரன்டி விஷயம். சைக்கிள் கவுன்ட் ஒற்றை இலக்கத்தில் இருக்கவேண்டும். புதிது என்று சொல்லி விற்றதில் 40, 50 என்று காட்டினால் அது ஷோரூமில் டெமோவுக்கு ஓடியதாகவோ, யாரோ திருப்பிக் கொடுத்ததாகவோ இருக்கலாம். பில்லோடு போய்க் கேளுங்கள். சில மாடல்கள் இந்த எண்ணைக் காட்டாமல் ஒரு கோடு மட்டும் போடும், அதில் தப்பில்லை.

இப்போது நூறு சதவீதம் ஏற்றி, சார்ஜரைக் கழற்றி, ஒரு மணி நேரம் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். மறுபடி அதே கமாண்ட். ரீசன்ட் யூசேஜ் என்ற பட்டியலில் நேரமும் மீதிச் சார்ஜும் மில்லிவாட்-ஹவரில் இருக்கும். 10:02-க்கு 38,640 என்றும், 11:02-க்கு 25,100 என்றும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 13,540 போயிருக்கிறது. அதாவது 13.5 வாட். இந்த ஓர் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு இதோடுதான் ஒப்பிட வேண்டும்.

எது நியாயமான அளவு? ப்ராசஸரின் (லேப்டாப்பின் மூளையான சிப்) மாடல் எண் யூ என்ற எழுத்தில் முடியும் மெலிந்த லேப்டாப், பாதி வெளிச்சத்தில் சும்மா இருக்கும்போது 4 முதல் 7 வாட் இழுக்கும். பிரவுசர், வேர்டு, எக்ஸெல் வேலைக்கு 7 முதல் 12. வீடியோ கால் என்றால் 12 முதல் 20. எச் அல்லது எச்எக்ஸ் என்று முடியும் கேமிங் வகை சும்மா இருக்கும்போதே 10 முதல் 20 வரை போகும். அதனிடம் 8 மணி நேரம் எதிர்பார்க்கக் கூடாது. அது பழுது அல்ல, அந்த வகையின் இயல்பு. கல்லூரிக்கு எடுத்துப்போக வாங்குகிறவர்களிடம் இதைக் கடையிலேயே சொல்லிவிட வேண்டும்; பலர் சொல்வதில்லை.

“வாங்கின ரெண்டு மூணு நாளா சார்ஜ் தண்ணியா இறங்குது”

இது பெரும்பாலும் தானாகவே சரியாகும். புது விண்டோஸ் உள்ளே மூன்று நான்கு வேலை ஒன்றாக நடக்கும்: அப்டேட் இறங்கும், ஃபைல்களுக்குத் தேடல் அட்டவணை போடும், ஒன்டிரைவ் உங்கள் படங்களையெல்லாம் மேலே ஏற்றும், ஆன்டிவைரஸ் முழு டிஸ்கையும் துழாவும். முதல் நாள் மாலையே சார்ஜரும் வைஃபையும் கொடுத்து, திரை அணையாமல் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். அப்டேட் பக்கத்தில் இனி எதுவும் பாக்கி இல்லை என்று வரும்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்; இரண்டு மூன்று முறை வேண்டியிருக்கும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று தனியாக இருக்கும் டிரைவர்களையும் (வைஃபை, ஆடியோ போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்), கம்பெனியின் சொந்த ஆப்பில் காட்டும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டையும் போடுங்கள். பயாஸ் அப்டேட் ஓடும்போது சார்ஜர் செருகியே இருக்கவேண்டும். மழை, காற்று, கரண்ட் வந்து வந்து போகும் நேரத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

கூடவே வந்த ட்ரையல் ஆன்டிவைரஸைக் கழற்றிவிடலாம். அது போனதும் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானாக வேலையை எடுத்துக்கொள்ளும்.

முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜ் போட வேண்டும் என்று இன்றும் சொல்கிறார்கள். அது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பழக்கம். இப்போதைய லித்தியம் பேட்டரிக்குத் தேவையில்லை.

“சும்மா வெச்சிருந்தாலும் ஃபேன் ஓடுது, சார்ஜ் குறையுது”

மூன்றாம் நாளுக்குப் பிறகும் இப்படி இருந்தால்தான் உண்மையான தேடல். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். சிபியு (ப்ராசஸர்தான்) என்ற தலைப்பைத் தட்டினால் அதிகம் தின்பது மேலே வரும். ஒன்றும் செய்யாமல் இரண்டு நிமிடம் பாருங்கள். மொத்தம் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிட வேண்டும். ஒரே ப்ராசஸ் 15, 20 என்று நின்றால் அதுதான் திருடன். செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் அண்டு பேட்டரி, பேட்டரி யூசேஜ் என்று போனால் எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று கடந்த 7 நாள் கணக்கும் கிடைக்கும்.

சிபியு அமைதியாக இருந்தும் வாட் குறையவில்லையா? தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் என்றால் சந்தேகம் அங்கேதான் போகவேண்டும். இதில் இரண்டு சிப் இருக்கும்: ப்ராசஸரோடு சேர்ந்த சிறியது, கேமுக்கான பெரியது. பெரியது தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஏதோ ஓர் ஆப் அதைத் தட்டி எழுப்பிவிட்டால் 8 முதல் 15 வாட் கூடுதலாகப் போகும். 6 மணி நேரம் 3 மணி நேரமாகச் சுருங்குவது இப்படித்தான். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு 1 (பெரும்பாலும் அந்தப் பெரிய சிப்) என்று இருப்பதைப் பாருங்கள். கேம் எதுவும் ஓடாமலே அது 0-வில் நிற்காமல் அசைந்துகொண்டிருந்தால், ப்ராசஸ் பட்டியலில் ஜிபியு இன்ஜின் என்ற பத்தியைச் சேர்த்து எந்த ஆப் என்று கண்டுபிடியுங்கள். வால்பேப்பர் அசையவைக்கும் ஆப், சில வீடியோ எடிட்டர்கள், கேம் லாஞ்சர்கள் அடிக்கடி மாட்டும். பிறகு சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் அந்த ஆப்பை பவர் சேவிங்குக்கு மாற்றுங்கள்.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். கம்பெனி ஆப்பில் ஹைப்ரிட், டிஸ்க்ரீட் என்று இரண்டு நிலை இருக்கும். கேமில் வேகம் கூடும் என்று டிஸ்க்ரீடில் வைத்துவிட்டால் சிறிய சிப் அடியோடு ஒதுங்கிவிடும். திரையை முழுக்கப் பெரியதுதான் ஓட்டும். கரண்டில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். வெளியே கிளம்பும்போது ஹைப்ரிடுக்குத் திருப்புங்கள், ரீஸ்டார்ட் கேட்கும்.

திரை அடுத்த செலவு. 15 அங்குலத் திரையில் பாதி வெளிச்சத்துக்கும் முழு வெளிச்சத்துக்கும் 2 முதல் 4 வாட் வித்தியாசம். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது) 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 60-க்கு இறக்குங்கள். ஒன்றிரண்டு வாட் மிச்சம். சாதாரண எல்சிடி திரையில் டார்க் மோடு சார்ஜை மிச்சப்படுத்தாது. ஓஎல்இடி திரையில் மட்டுமே பலன் உண்டு.

பவர் மோடைப் பேட்டரியில் இருக்கும்போது பெஸ்ட் பவர் எஃபிஷியன்சிக்கு வையுங்கள். டைப் அடிப்பதற்கும் படிப்பதற்கும் வேகக் குறைவு தெரியாது.

மேக்புக் என்றால் இதே வேலையை ஆக்டிவிட்டி மானிட்டரின் எனர்ஜி பக்கம் செய்யும்; சைக்கிள் கவுன்ட் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் என்பதன் கீழே இருக்கும். உபுண்டு போட்டிருப்பவர்களுக்கு பவர்டாப் என்ற கருவி இழுக்கும் வாட்டை நேராகவே காட்டும்.

“மூடி வெச்சுட்டுப் படுத்தேன், காலையில பாதி சார்ஜ் இல்ல”

புது லேப்டாப்பில் அதிகம் பேர் சொல்லும் குறை இது. மூடியதும் மெஷின் முழுக்கத் தூங்குவதில்லை என்பதுதான் காரணம். இப்போதைய மாடல்கள் ஃபோன் மாதிரி அரைத்தூக்கத்தில் கிடக்கும். மெயில், அப்டேட், வைஃபை எல்லாம் இடையிடையே விழித்து வேலை பார்க்கும். கமாண்ட் ப்ராம்ப்டில் முன்பு சொன்ன அதே சொல்லுக்குப் பின் சாய்கோடும் ஏ என்ற எழுத்தும் மட்டும் அடித்தால் எந்தத் தூக்கம் உண்டு என்று காட்டும். எஸ் சைபர் லோ பவர் ஐடில் என்று வந்தால் அரைத்தூக்க வகை.

இரவு 8 மணி நேரத்தில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் இந்த வகைக்குச் சகஜம். 20, 30 என்று போனால் எதுவோ எழுப்புகிறது. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதே சொல், ஓர் இடம், சாய்கோடு, அதற்குப் பின் ஸ்லீப்ஸ்டடி என்று அடியுங்கள். வரும் அறிக்கையில் ஒவ்வொரு இரவும் ஒரு வரி. சிவப்பாக இருக்கும் வரியைத் தட்டினால் டாப் அஃபெண்டர்ஸ் என்ற தலைப்பில் எழுப்பியவர் பெயர் இருக்கும்: வைஃபை டிரைவரோ, ஆடியோ டிரைவரோ, ஒரு யூஎஸ்பி பொருளோ. டிரைவர் என்றால் லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான புதியதைப் போடுங்கள். வயர்லெஸ் மவுஸின் சிறு குச்சி செருகியே இருந்தால் கழற்றிவிட்டு ஓர் இரவு பாருங்கள்.

தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்பவர்களுக்கு நிச்சயமான வழி ஹைபர்னேட். அதில் வேலையெல்லாம் டிஸ்கில் எழுதப்பட்டு மெஷின் முழுக்க அணைந்துவிடும்; இரவு முழுக்கக் கிடந்தாலும் ஒன்றோ இரண்டோ சதவீதம்தான் போகும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், மூடியை மூடினால் என்ன செய்யவேண்டும் என்ற பக்கம், பேட்டரி பத்தியில் ஹைபர்னேட். பட்டியலில் அந்தச் சொல்லே இல்லையென்றால் அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் ப்ராம்ப்டில் அதே சொல், ஓர் இடம், சாய்கோட்டுக்குப் பின் ஹைபர்னேட், ஓர் இடம், ஆன் என்று அடித்தால் வந்துவிடும். திறக்கும்போது பத்து இருபது நொடி கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

காட்பாடியில் ரயிலேறிச் சென்னை போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். பையின் லேப்டாப் அறையில் காற்றுப் போக வழியில்லை. அரைத்தூக்கத்தில் இருக்கும் மெஷின் உள்ளே விழித்துக்கொண்டால் சூடு வெளியே போகாது. ஃபேன் இன்னும் வேகமாக ஓடும். சார்ஜும் போகும், பேட்டரியின் ஆயுளும் போகும். பையிலிருந்து எடுக்கும்போது அடிப்பகுதி தோசைக்கல் மாதிரி சுட்டால் நடந்தது இதுதான்.

ஷட் டவுன் செய்தும் குறைகிறது என்றால் பயாஸில் அணைந்த நிலையிலும் யூஎஸ்பியில் ஃபோனை சார்ஜ் செய்யும் வசதி திறந்திருக்கலாம். மூடிவிடுங்கள். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைத் தட்டினால் முழுமையாக அணையும்.

“80-க்கு மேல ஏறவே மாட்டேங்குது”

பழுது இல்லை. பேட்டரி ஆயுளைக் காக்கக் கம்பெனி ஆப் போட்ட வரம்பு இது. மாடலைப் பொறுத்து 60-லோ 80-லோ நிற்கும். லெனோவோவில் கன்சர்வேஷன் மோடு, ஆசஸில் பேட்டரி கேர் என்பார்கள். வேறு சிலவற்றில் பயாஸிலேயே இருக்கும். நாள் முழுக்க மேசையில் செருகியே வேலை பார்க்கிறவர்களுக்கு இது மிக நல்ல ஏற்பாடு. கரண்ட் நிறுத்தம் என்று அறிவித்திருந்தால் முந்தின இரவு மட்டும் எடுத்துவிட்டு நூறு ஏற்றிக்கொள்ளுங்கள்.

“சார்ஜர் செருகியிருக்கு, ஆனா ஏறல, குறையக்கூட செய்யுது”

முதலில் சார்ஜரின் வாட். யூஎஸ்பி-சி முனை பொருந்துகிறது என்பதற்காக 18 வாட் ஃபோன் சார்ஜரைப் போட்டால் லேப்டாப் அதை ஏற்காது, அல்லது இழுப்பதைவிடக் குறைவாகவே வரும். மெலிந்த மாடலுக்கு பவர் டெலிவரி (யூஎஸ்பி-சி வழியாகக் கூடுதல் வாட் தரும் முறை) உள்ள 45 அல்லது 65 வாட் வேண்டும். கேமிங் லேப்டாப்பை அதன் பெரிய சார்ஜர் இல்லாமல் 65 வாட்டில் ஓட்டினால் கேம் நடக்கும்போது செருகியிருந்தும் பேட்டரி இறங்கும்.

அடுத்து பிளக். சார்ஜரின் சிறு விளக்கை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொடும்போது அது சிமிட்டினால் பேட்டரி மேல் குறை இல்லை, துளை தளர்ந்திருக்கிறது. சுவரில் உள்ள பாயின்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள்.

மூன்றாவது நம் ஊர் வெயில். லித்தியம் செல்லை ஏறக்குறைய 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் பேட்டரிக்குள் இருக்கும் சர்க்யூட்டே சார்ஜைக் குறைக்கும், நிறுத்தும். கத்திரி வெயில் காலத்தில் வேலூரில் வெளியே 40 தாண்டும் மதியம், மாடி அறையில் மெத்தைமேல் வைத்து ஓடும் மெஷினின் பேட்டரி அந்த எல்லையைச் சுலபமாகத் தொடும். மெத்தை அடிப்பக்கத் துளைகளை அடைத்துவிடுகிறது. மரப்பலகையிலோ மேசையிலோ வைத்து, பின்பக்கம் இரண்டு விரல் உயரம் தூக்கி, ஃபேன் காற்று படும்படி அரை மணி விட்டால் சார்ஜ் தானாகத் தொடங்கும். ஸ்கூட்டர் டிக்கியிலும், ஸ்டேஷன் ஸ்டாண்டில் வெயிலில் நிற்கும் காரிலும் லேப்டாப்பை விட்டுப் போகாதீர்கள். நிறைய சார்ஜோடு சூட்டில் கிடப்பதுபோல் பேட்டரியைக் கெடுப்பது வேறில்லை. அப்படி இழந்த கொள்ளளவு திரும்பி வராது.

“மீட்டிங், வீடியோ ரெண்டுக்கும் மட்டும்தான் பறக்குது”

பின்னணியை மங்கலாக்கும் வசதிதான் முதல் குற்றவாளி. ஒவ்வொரு நொடியும் உங்கள் உருவத்தை வெட்டியெடுக்கக் கணக்குப் போடுகிறது. அதை நிறுத்துங்கள், கேமரா தேவையில்லாதபோது அணையுங்கள், எல்லார் முகத்தையும் காட்டும் காட்சியை விட்டுப் பேசுபவரை மட்டும் பாருங்கள். யூடியூபில் 4கே வேண்டாம், 1080 போதும். பிரவுசரின் எனர்ஜி சேவரைத் திறந்துவையுங்கள்.

“30 காட்டிக்கிட்டே இருந்தது, பொசுக்குன்னு அணைஞ்சுபோச்சு”

இங்கேதான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். ஆனாலும் மீட்டர் தவறாகப் படித்திருக்கலாம். நூறு ஏற்றி இரண்டு மணி நேரம் செருகியே விடுங்கள். பிறகு சார்ஜரைக் கழற்றி 5 சதவீதம் வரை இடைவிடாமல் இறக்குங்கள். மறுபடி நிறுத்தாமல் நூறு. ஒரு தடவை போதும். அதன் பிறகும் 30-லிருந்து 5-க்குத் தாவினாலோ, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தாலோ உள்ளே ஒரு செல் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. செட்டிங்கால் தீராது.

டச்பேடையும் பாருங்கள். லேப்டாப்பைச் சமமான கிரானைட் மேடையில் வைத்தால் நான்கு காலும் படவேண்டும். ஒரு ஸ்கேலை டச்பேடின் குறுக்கே நிறுத்தினால் நடுவில் மேடு தெரியக் கூடாது. மேடாக இருந்தாலோ, அழுத்தினால் கிளிக் ஆகவில்லை என்றாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அப்போதே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அழுத்திப் பார்ப்பது, திருகு கழற்றுவது, குத்துவது எதுவும் கூடாது, தீப்பிடிக்கும்.

வாரன்டிக்குப் போகும்போது

முதல் நாள் அறிக்கை, ஒரு வாரம் கழித்து எடுத்த அறிக்கை, ஜிஎஸ்டி பில், சீரியல் எண் நான்கும் கையில் இருக்கட்டும். “சார்ஜ் நிக்கல” என்றால் ஃபார்மேட் செய்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். “டிசைன் 42,000, ஃபுல் 36,500, வாங்கி 12 நாள்” என்று தாளோடு நீட்டினால் பேச்சு மாறும். லேப்டாப்புக்கு இரண்டு மூன்று வருட வாரன்டி இருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். தனி வரியாகப் போட்டிருக்கும், படியுங்கள். குடியாத்தம், வாணியம்பாடி, அரக்கோணம் பக்கத்தவர்கள் தங்கள் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை உண்டா என்று ஃபோனில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். கோரிக்கை எண் வாங்காமல் மெஷினைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் அந்த எண்ணோடு புகார் பதியலாம்.

பேட்டரி மாற்றித் தந்தால் கவுன்டரை விட்டு நகருமுன் அங்கேயே அறிக்கையை மறுபடி எடுங்கள். சீரியல் எண் மாறியிருக்க வேண்டும், சைக்கிள் கவுன்ட் சைபரை ஒட்டி இருக்கவேண்டும், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி டிசைனை எட்டியிருக்க வேண்டும்.